5,400 ரூபா இயர்போன், பேஸே இல்லை: கோளாறு அதுலயா, என் காதுலயா?

#1 கொடநாடு_குளிர் | நவம்பர் 8, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கங்க. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரில கணக்கு எழுதறேன். பகல் பூரா ரோலர் சத்தமும் டிரையர் ஃபேன் சத்தமும். ராத்திரி வீட்டுக்கு வந்து பாட்டு கேக்கறது ஒண்ணுதான் சுகம். மூணு வருஷமா 1,300 ரூபா இயர்போன் ஒண்ணு வச்சிருந்தேன். ஒயர் போயிட்டுதுன்னு போன வாரம் கோயமுத்தூர்ல 5,400 ரூபாய்க்குப் புதுசு வாங்கினேன். பேர் வேண்டாங்க, பேரைச் சொன்னா இழை அந்தப் பக்கம் போயிடும். உள்ள சத்தம் போடற குட்டி ஸ்பீக்கர் ஒத்தை 10 மிமீ டைனமிக் டிரைவர், ஒயர் கழட்டி மாட்டற டைப், பெட்டில சின்னது நடுத்தரம் பெருசுன்னு மூணு ஜோடி ரப்பர். போன்ல இயர்போன் ஒயரைச் சொருகற சி-டைப் டாங்கிள் போட்டுக் கேக்கறேன்.

ரிவ்யூ பாத்த அத்தனை பேரும் "பேஸ் அள்ளுது"ன்னாங்க. எனக்கு அந்தக் கீழ்ச்சத்தம் அள்ளவே இல்லை. கடைல கேட்டப்ப சுமாரா இருந்துச்சு. அன்னைக்கே பஸ்ஸுல மலை ஏறி வீட்டுக்கு வந்து போட்டேன், தகர டப்பால அரிசியக் கொட்டின மாதிரி இருக்குது. இதுல நாலு நாளா வலது பக்கம் சத்தம் வேற கம்மி ஆகுது. போட்ட உடனே நல்லா இருக்கும், அரை மணில இறங்கிடும். காலைல எடுத்துப் போட்டா மறுபடி சரியா இருக்கும்.

திருப்பிக் குடுக்க இன்னும் ஆறு நாள் இருக்குதுங்க. என்ன பண்ணட்டும்?

#2 கூடலூர்_குசும்பன் | இரவு 9.52

திருப்பிக் குடுத்துட்டு அந்தக் காசுக்கு வர்க்கி வாங்கித் தின்னுங்க தம்பி. அதுலதான் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சத்தம் வரும்.

சரி சரி. எனக்கும் பேஸ் இல்லை, ஆனா காரணம் தெரியும். எங்க வீட்டு நாய் ஒரு மீடியம் ரப்பரைத் தின்னுட்டுது. ரெண்டு மாசமா ஒரு காதுல மீடியம், இன்னொண்ணுல லார்ஜ் போட்டுட்டுத் திரியறேன்.

#3 ஹைரெஸ்_ஆர்வலர் | இரவு 10.15

தம்பி பதறாதீங்க. புது டிரைவர் இறுக்கமாத்தான் இருக்கும். குறைஞ்சது 100 மணி நேரம் பாட்டை ஓடவிட்டுப் பழக்குங்க, அதாவது பர்ன்-இன் பண்ணுங்க, பேஸ் தானா இளகி வரும். என்னோடது 80 மணி தாண்டினப்பறம்தான் வாயைத் திறந்துச்சு. அப்புறம் அந்த டாங்கிளைத் தூக்கிப் போட்டுட்டு நல்ல டிஏசி (போன்ல இருக்கற டிஜிட்டலை ஒலியா மாத்தற கருவி) ஒண்ணு வாங்குங்க.

#4 பழைய_ரேடியோ | நவம்பர் 9, காலை 6.20

ஊட்டியிலிருந்து எழுதுகிறேன். ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொடநாடு தம்பி, உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிப் புகார்கள். ஒன்று பேஸ் இல்லாதது, இன்னொன்று வலது பக்கம் இறங்குவது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். டிஏசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டாங்கிள் கெட்டிருந்தாலும் பேஸை மட்டும் பொறுக்கித் தின்னாது.

முதல் சோதனை: வலது துண்டை இடது காதிலும் இடது துண்டை வலது காதிலும் மாட்டுங்கள். கொக்கி தலைகீழாக இருக்கும், பரவாயில்லை, கையால் பிடித்துக்கொள்ளுங்கள். குறைச்சல் துண்டோடு கூடவே போனால் குறை இயர்போனில். காதோடு தங்கிவிட்டால் குறை உங்களிடம். கேட்பதற்குப் பழைய மோனோ பாட்டாகத் தேர்ந்தெடுங்கள், ஐம்பது அறுபதுகளில் வந்தது எதுவானாலும் சரி. மோனோவில் இரண்டு பக்கமும் ஒரே ஒலி வருவதால் பாடுகிறவர் குரல் நெற்றிக்கு நடுவே நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது சோதனை: போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி 30 ஹெர்ட்ஸ், அதாவது மிகத் தாழ்ந்த ஒலியை மெதுவாக ஓடவிடுங்கள். கேட்கவில்லையென்றால் இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தியதும் "உம்ம்" என்று வந்து, விட்டதும் போனால் காற்று கசிகிறது என்று அர்த்தம். காதுக்குள் மாட்டும் இயர்போன் சின்னஞ்சிறு அறையை மூடிக்கொண்டு அதற்குள் காற்றை அமுக்கித்தான் கீழ்ச்சத்தத்தை உண்டாக்குகிறது. ஓட்டை இருந்தால் முதலில் ஓடிப்போவது பேஸ்தான்.

#5 செவிப்பறை | காலை 8.05

கோவையில் செவித்திறன் பரிசோதனை செய்பவள். மேலே ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கோங்க.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் உயரம் ஏறுறீங்க. வெளியே காற்றழுத்தம் குறைஞ்சுக்கிட்டே வரும். நடுக்காதுக்கும் தொண்டைக்கும் நடுவுல இருக்கிற குழாய் திறந்தாத்தான் உள்ளழுத்தம் சமனாகும். எச்சில் விழுங்கினா, கொட்டாவி விட்டா "டப்"னு திறக்குது இல்லையா, அதுதான். சளி பிடிச்சிருந்தா மணிக்கணக்கா திறக்காது. அந்த நேரம் செவிப்பறை இழுத்துக் கட்டின மாதிரி இருக்கும், எதைக் கேட்டாலும் மந்தமாத்தான் கேட்கும். மலை ஏறின அன்னைக்கே இயர்போனைப் பத்தித் தீர்ப்பு எழுத வேண்டாம்.

இன்னொன்று, காது அழுக்கு. இயர்போன் பழக்கம் இருக்கிறவங்களுக்கு அது உள்ளே தள்ளப்பட்டு அடைச்சுக்கும். பட்ஸ் போட்டுக் குடையாதீங்க, எண்ணெய் ஊத்தாதீங்க. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க.

#6 கொடநாடு_குளிர் | நவம்பர் 9, இரவு 10.30

பண்ணிப் பாத்தேனுங்க. எனக்கே ஆச்சரியமா இருக்குது.

பேஸ் விஷயம்: 30 ஹெர்ட்ஸ் வச்சப்ப வலது காதுல நல்லா வந்துச்சு. இடது காதுல ஒண்ணுமே இல்லை, அழுத்தினா வருது. ரெண்டு பக்கமும் மீடியம்தான் போட்டிருந்தேன். இடதுக்கு ஸ்மால் மாத்தினதும் இன்னும் உள்ள போய் உக்காந்துடுச்சு. அப்பதான் பேஸ்னு ஒண்ணு இருக்குதுன்னே தெரிஞ்சுது. 27 வயசுல என் ரெண்டு காதும் ஒரே சைஸ் இல்லைன்னு கண்டுபிடிச்சிருக்கேன்.

வலது இறங்கற விஷயம்: துண்டை மாத்திப் போட்டா குறைச்சல் துண்டோடயே போகுது. அப்ப இயர்போன் கோளாறுதானுங்களே? நாளைக்குத் திருப்பி அனுப்பிடட்டுமா?

#7 பழைய_ரேடியோ | நவம்பர் 10, காலை 6.10

அனுப்பாதீர்கள், ஒரு நாள் பொறுங்கள். ராத்திரி உங்கள் அறையில் என்ன குளிர்? இயர்போனை எங்கே வைக்கிறீர்கள்?

#8 கொடநாடு_குளிர் | காலை 7.45

பன்னெண்டு டிகிரி இருக்குமுங்க. ஐப்பசி மழை விடவே இல்லை, ஜன்னலத் திறந்தா மஞ்சு (மூடுபனி) உள்ள வந்துடுது. இயர்போன் ஜன்னல் திண்டு மேலதான் கிடக்கும்.

#9 பழைய_ரேடியோ | காலை 8.30

நினைத்தேன். இது கோளாறு இல்லை, மஞ்சு செய்கிற வேலை.

ரப்பர் மாட்டும் இயர்போன் மூக்கின் நுனியில் மெல்லிய வலை ஒன்று இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அதன் துளைகள் மிகச் சிறியவை. உங்கள் காதுக்குள் இருப்பது 36 டிகிரி சூடும் ஈரமும் உள்ள காற்று, ஜன்னல் திண்டில் கிடந்த உலோக மூக்கோ 12 டிகிரி. அடுப்பில் இருந்து இறக்கிய பாத்திரத்தின் மூடியைப் போல ஈரம் அங்கே போய் நீர்த்துளியாகப் படிகிறது. ஒரு துளி போதும், வலைத் துளைகளை அடைத்துவிடும். சத்தம் இறங்கும். காலைக்குள் காய்ந்து விடுவதால் மறுபடி சரியாகிறது. சமவெளியில் உட்கார்ந்து ரிவ்யூ எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக வராது. நமக்கு ஆடி, ஐப்பசி, உறைபனி மாதம் எல்லாமே இதற்கான பருவம்தான்.

வலது மட்டும் ஏன் என்றுதானே கேட்பீர்கள்? வலது காதில் சரியாக மூடியிருந்தது. இடதில் கசிந்ததால் ஈரக்காற்று வெளியே போய்விட்டது. நான் சொல்வது சரியென்றால், இடதுக்கு இப்போது ஸ்மால் போட்டிருக்கிறீர்கள் அல்லவா, இன்று ராத்திரி இடதும் இறங்க வேண்டும்.

#10 கொடநாடு_குளிர் | நவம்பர் 10, இரவு 11.02

இடதும் இறங்கிடுச்சுங்க ஐயா!!! இருபத்தஞ்சு நிமிஷத்துல. சத்தம் போனதுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளு நானாத்தான் இருப்பேன்.

#11 கூடலூர்_குசும்பன் | இரவு 11.10

ஐயா ஜாதகம் பாப்பீங்களா?

#12 பழைய_ரேடியோ | நவம்பர் 11, காலை 6.05

போடுவதற்கு முன் பத்து நிமிஷம் சட்டைப் பைக்குள் வைத்துச் சூடாக்குங்கள். கேட்டு முடித்ததும் ரப்பரைக் கழற்றி, மூக்கைக் கீழ்நோக்கிப் பிடித்து, மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். ஊதாதீர்கள், ஊதினால் இன்னும் ஈரம்தான் போகும். சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள். அரிசி டப்பா வேண்டாம், தவிட்டுத் தூள் வலையில் ஏறும். நுரை ரப்பர் வாங்க நினைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், குளிரில் அது விறைத்துவிடும். உள்ளங்கையில் சூடேற்றி நசுக்கினால்தான் காதுக்குள் சரியாக விரியும்.

#13 ஹைரெஸ்_ஆர்வலர் | காலை 9.40

எல்லாம் சரி ஐயா. ஆனா தம்பி இந்த மூணு நாள்ல இருபது மணி நேரமாவது கேட்டிருப்பார். பேஸ் வந்ததுல பர்ன்-இன்னுக்குப் பங்கே இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?

#14 கொடநாடு_குளிர் | நவம்பர் 12, இரவு 9.15

ரெண்டு நாளா சட்டைப் பை வைத்தியம் பண்ணிட்டு இருக்கேன், சத்தம் இறங்கவே இல்லைங்க. திருப்பிக் குடுக்கலை. இப்பதான் அசல் கேள்வி. இது நல்ல இயர்போனா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? ரிவ்யூல "ஏரி" (airy), "வார்ம்", "சவுண்ட் ஸ்டேஜ்"னு என்னென்னவோ சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் பிடிபடலை. பழைய 1,300 ரூபா இயர்போனுக்கு ஒயர் ஒட்ட வச்சுப் பக்கத்துல வச்சிருக்கேன். சில பாட்டுல பழசுதான் நல்லா இருக்கற மாதிரி இருக்குதுங்க. சொல்லவே வெக்கமா இருக்குது.

#15 தொப்பி_வலந்தலை | நவம்பர் 13, காலை 5.50

வெக்கம் எதுக்கு தம்பி. நான் குன்னூர்ல பிள்ளைங்களுக்கு மிருதங்கம் சொல்லிக் குடுக்கறேன். அந்த வார்த்தையெல்லாம் தூக்கி ஓரமா வைங்க. நம்ம கிட்ட இல்லாத வார்த்தையா? கணீர்னு இருக்கா, கரகரன்னு இருக்கா, மொத்தையா இருக்கா, குடத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கா, மூக்கடைச்ச குரலா இருக்கா. எங்க பாட்டி குரலைப் பத்திச் சொன்ன வார்த்தைகளே போதும் இயர்போனை எடை போட.

நான் எப்படிக் கேப்பேன்னு சொல்றேன். முதல்ல தம்புரா மட்டும் ஓடற பதிவு ஒண்ணு. தம்புரால தந்திக்கும் குதிரைக்கும் நடுவுல ஜீவான்னு ஒரு நூல் வைப்போம். அது இருக்கறதாலதான் ஒரே சுரத்துக்குள்ள இருந்து மேல் சுரங்கள் மினுக்கு மினுக்குன்னு கிளம்பி வரும். நல்ல இயர்போன்ல அந்த மினுக்கு அலை அலையா நகர்றது கேக்கும். ட்ரெபிள், அதாவது மேல்ச்சத்தம் படுத்துட்டுதுன்னா வண்டு ரீங்காரம்தான் மிஞ்சும். ட்ரெபிள் தூக்கலா இருந்தா தகரத்தைச் சுரண்டற மாதிரி இருக்கும்.

அப்புறம் மிருதங்கத் தனி ஆவர்த்தனம். இதுலதான் உங்க இயர்போன் வண்டவாளம் முழுக்க வெளிய வரும். இடது பக்கம், அதாவது தொப்பிப் பக்கம் ரவை அப்பியிருக்கும், அதுதான் உங்க பேஸ். தொப்பியை உள்ளங்கையால அமுக்கி வழுக்கறதுக்குக் கும்கின்னு பேரு, அதைப் போடும்போது சத்தம் கீழ இருந்து மேல வழுக்கிட்டு ஏறணும். பேஸை அள்ளிக் கொட்டின இயர்போன்ல கும்கி வழுக்காது, "பொத்து பொத்து"ன்னு விழும். வலது பக்கமான வலந்தலைல கருப்பா கரணை இருக்கு பாருங்க, அது சும்மா அழகுக்கு இல்லை. பொதுவா தோல் வாத்தியத்துல மேல் சுரங்கள் ஒழுங்கில்லாம சிதறிக் கிடக்கும். மிருதங்கத்துல அந்தக் கரணையாலதான் வீணை மாதிரி ஒழுங்கா வரிசைல நிக்குது. சி.வி. ராமன் 1920லயே இதை நேச்சர் இதழ்ல எழுதினார், 1934ல இன்னும் விரிவா எழுதினார். அதனாலதான் மிருதங்கத்துக்கு சுருதி சேர்க்க முடியுது. வலந்தலைல சாப்புங்கற அடி அடிச்சதும் அந்த நாதம் கொஞ்ச நேரம் காத்துல நிக்கணும். மலிவு இயர்போன்ல சாப்பு மரப்பலகைல தட்டின மாதிரி செத்துப் போகும்.

தவில் வேற கதை. ஒரு பக்கம் கழி, மறு பக்கம் விரல்ல கூடு. நாகஸ்வரத்தோட சேர்த்துக் கேளுங்க. நாகஸ்வரம் உச்சில போகும்போது காதுல ஊசி குத்தாம இருக்கணும், அதே நேரம் அதோட வீரியமும் குறையக் கூடாது. ரெண்டும் சேர்ந்து அமையறது கஷ்டம். நீங்க கோத்தகிரில இருக்கறதால சொல்றேன், கோத்தர் பழங்குடித் திருவிழால கொள்ங்கற குழல் ஊதறதை யாராவது போன்ல எடுத்திருந்தா அதையும் போட்டுப் பாருங்க. நேர்ல கேட்டது ஞாபகம் இருக்கும்ல, அதுதான் அளவுகோல். நேர்ல கேக்காத வாத்தியத்தை வச்சு இயர்போனை எடை போடவே முடியாது, இது என் பிடிவாதம்.

#16 செவிப்பறை | காலை 9.20

அக்கா, அருமை. காதுப் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். நம்ம காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். வாய் திறந்த புட்டியில் ஊதினா ஒரு சுரம் எழும்புமே, அது மாதிரி இந்தக் குழாயும் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல ஒலியைத் தானாவே தூக்கிக் கொடுக்குது. பிறந்ததிலிருந்து அப்படியே கேட்டுப் பழகிட்டோம். இயர்போன் வந்து குழாயை அடைச்சதும் அந்தத் தூக்கல் போயிடுது. அதனால தயாரிக்கிறவங்க அதே இடத்துல செயற்கையா ஒரு மேடு வைக்கணும். மேடு குறைஞ்சா பாடகர் கதவுக்குப் பின்னால நிக்கிற மாதிரி இருக்கும், அதிகமானா காதுல வந்து கத்துவார்.

#17 கொடநாடு_குளிர் | காலை 10.05

கதவுக்குப் பின்னால!! பழைய இயர்போன் அதேதானுங்க. இத்தனை வருஷமா பாடகரை வெளிய நிக்க வச்சிருக்கேன்.

#18 ஹைரெஸ்_ஆர்வலர் | நவம்பர் 13, மதியம் 1.30

அதுக்குத்தானே எந்தச் சத்தம் எவ்வளவு வருதுன்னு காட்டற கிராஃப் இருக்கு. ஹார்மன் கம்பெனி ஆய்வுல வந்த கோட்டோட ஒத்துப் போகுதான்னு பாத்தா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு இவ்வளவு பாட்டு? விலைக்கேத்த தரம்னும் ஒண்ணு இருக்கில்ல. 1,300க்கும் 5,400க்கும் வித்தியாசம் இல்லாமலா போகும்?

#19 பழைய_ரேடியோ | மாலை 5.15

கிராஃபை நான் மதிக்கிறேன். அந்த ஹார்மன் ஆய்வைச் செய்த ஷான் ஆலிவ் குழுவினர் ஆட்களை உட்கார வைத்துக் கேட்கச் செய்து, பெரும்பாலோர் விரும்பும் வளைவைக் கண்டார்கள். காதுக்குள் மாட்டும் இன்-இயர் பற்றிய அவர்கள் ஆய்வு 2017இல் வந்தது. ஆனால் அது பெரும்பாலோர் விருப்பம்தான், உங்கள் காதின் ஜாதகம் இல்லை. அளக்கும் கருவியில் இருப்பது ஒரு சராசரிக் காது. 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கிராஃபில் ஒரு கொம்பு முளைத்திருக்கும். இயர்போனை எவ்வளவு ஆழமாகச் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து அந்தக் கொம்பு இடம் மாறும். ஸ்மால் போட்ட தம்பியின் இடது காதுக்கும் மீடியம் போட்ட வலது காதுக்குமே அது ஒரே இடத்தில் இருக்காது.

விலையைப் பற்றி: அதே 2017இல் யெரூன் பிரேபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களையும் இயர்போன்களையும் அளந்து பார்த்து, விலைக்கும் ஒலியின் வளைவுக்கும் தொடர்பு ஏறக்குறைய இல்லை என்று எழுதினார். விலை கூடினால் உறுதியும் நல்ல ஒயரும் பெட்டியும் கிடைக்கலாம். ஒலியும் கூடவே வரும் என்று யாரும் பத்திரம் எழுதித் தரவில்லை.

பழசையும் புதுசையும் ஒப்பிடும் முன் தம்பி ஒன்று செய்ய வேண்டும், இரண்டின் சத்தத்தையும் சமமாக்க வேண்டும். ஒரே வால்யூமில் ஒன்று கொஞ்சம் உரக்க ஒலிக்கும். உரக்க ஒலிப்பது எப்போதும் "நல்லா" இருப்பதாகத் தோன்றும், குறைந்த சத்தத்தில் நம் காது பேஸைச் சரியாகப் பிடிக்காது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே அதை அளந்து வைத்துவிட்டார்கள். உங்கள் பழைய இயர்போன் "சில பாட்டில்" ஜெயிப்பது இதனாலாக இருக்கலாம்.

#20 ஹைரெஸ்_ஆர்வலர் | மாலை 6.00

ஒரு டெசிபெல் ரெண்டு டெசிபெல்லுக்கெல்லாம் ஏமாறுற காது என்னுது இல்லை ஐயா. எங்க வேணா வந்து நிரூபிக்கிறேன்.

#21 தொப்பி_வலந்தலை | மாலை 6.20

அப்ப ஞாயித்துக்கிழமை குன்னூருக்கு வாங்க எல்லாரும். சிம்ஸ் பார்க்ல இருந்து நடக்கற தூரம்தான் வீடு. டீ உண்டு.

#22 கொடநாடு_குளிர் | நவம்பர் 16, இரவு 8.50

போயிட்டு வந்தேனுங்க. எழுதியே ஆகணும்.

மொத்தம் அஞ்சு பேர். ஐயா முதல்லயே ஒண்ணு சொன்னார்: ரெண்டு இயர்போனைக் கண்ணை மூடி ஒப்பிடறது நடக்காத காரியம், காதுல வச்ச உடனே எது எதுன்னு தோலே சொல்லிடும். அதனால ஒரே இயர்போன், என்னோடது. ஐயா மடிக்கணினில மேல், கீழ்ச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற ஈக்வலைசர் வச்சு ஏ, பி, சின்னு மூணு மாதிரி ஓட்டினார். எது எதுன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். நாங்க நாலு பேரும் ஒருத்தர் ஒருத்தராக் கேட்டு, பேசாம சீட்டுல எழுதிக் குடுத்தோம். அதே பாட்டு, அதே முப்பது விநாடி.

பி-ல பாடகர் பின்னால போயிட்டார்னு நாலு பேருமே எழுதியிருந்தோம். அங்க 3 கிலோஹெர்ட்ஸ்ல 3 டெசிபெல் குறைச்சிருந்தாராம். ஏ-யை விட சி நல்லா இருக்குன்னு மூணு பேர் எழுதினோம். நான் "தெளிவு"ன்னு எழுதினேன். ஹைரெஸ் அண்ணன் "மேடை விரிஞ்சு நிக்குது, வாத்தியங்களுக்கு நடுவுல காத்தோட்டம்"னு எழுதியிருந்தார். அக்கா மட்டும் "ரெண்டும் ஒண்ணுதான், சி கொஞ்சம் உரக்க"ன்னு எழுதிட்டாங்க.

ஏ-யும் சி-யும் ஒண்ணேதான். சி-ல ஒரே ஒரு டெசிபெல் கூட.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அவரே சிரிச்சுட்டார். அக்கா வீட்டு டீ பிரமாதம், எங்க ஃபேக்டரி டீயை விட.

அப்புறம் சத்தத்தைச் சமமாக்கிட்டுப் பழசையும் புதுசையும் கேட்டேன். மிருதங்கத்துல புதுசுதான், சந்தேகமே இல்லை, கும்கி வழுக்குது. பேச்சு கேக்கறதுக்குப் பழசு ஒண்ணும் மோசமில்லை.

#23 செவிப்பறை | நவம்பர் 17, காலை 7.30

வர முடியலைன்னு வருத்தம். தம்பி, பகல் முழுக்க மெஷின் சத்தத்துல இருக்கீங்க, அதனால் இதையும் சொல்லணும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபெல்லா இருந்தா 4 மணி நேரம்தான். ஃபேக்டரியிலேயே அந்தக் கணக்குல பாதி கரைஞ்சிருக்கும். நல்ல காரியம், மலையில் ராத்திரி ஊரே அடங்கிக் கிடக்கும், சன்னமா வச்சாலே எல்லாம் கேட்கும். பேக்டரிக்குள்ள இயர்போன் வேண்டாம், காதடைப்பான் போடுங்க.

#24 ஹைரெஸ்_ஆர்வலர் | காலை 10.10

ஒரு டெசிபெல் விஷயத்துல தோத்தேன், ஒத்துக்கறேன். ஆனா பர்ன்-இன் வேற விஷயம். அதை யாரும் பொய்னு நிரூபிக்கலை.

#25 பழைய_ரேடியோ | காலை 10.40

நிரூபிக்கலாம். தம்பி, போன் அமைப்பில் இடது வலது சமநிலை என்று ஒரு கோடு இருக்கும். அதை முழுக்க வலதுக்குத் தள்ளிவிட்டு, தூங்கும்போது இயர்போனை டப்பாவுக்குள் போட்டுப் பாடவிடுங்கள். பத்து ராத்திரி, ராத்திரிக்குப் பத்து மணி நேரம். வலது மட்டும் 100 மணி கூடுதலாக ஓடியிருக்கும். பிறகு கோட்டை நடுவில் வைத்து மோனோ பாட்டைக் கேளுங்கள். பர்ன்-இன் உண்மையென்றால் குரலோ பேஸோ ஒரு பக்கம் சாய வேண்டும்.

#26 கொடநாடு_குளிர் | நவம்பர் 28, இரவு 9.30

பத்து ராத்திரி முடிஞ்சுதுங்க. எங்கம்மா, டப்பாவுக்குள்ள யாரு முணுமுணுக்கறதுன்னு ரெண்டு தடவை கேட்டுட்டாங்க.

குரல் நெத்திக்கு நடுவுல அப்படியே நிக்குது. துண்டை மாத்திப் போட்டும் பாத்தேன், நகரலை.

#27 ஹைரெஸ்_ஆர்வலர் | இரவு 9.41

100 பத்தாது. 200 ஆகட்டும்.

#28 கூடலூர்_குசும்பன் | இரவு 9.55

அது ஆகட்டும். தம்பி, நீங்க இடதுக்கு ஸ்மால், வலதுக்கு மீடியம் போடறீங்க. அப்ப உங்க பெட்டில ஒரு மீடியம் சும்மாதானே கிடக்குது? அடுத்த தடவை கூடலூர் பக்கம் வந்தா எடுத்துட்டு வாங்க. நாயைக் கட்டிப் போட்டுடறேன்.